லேசர் கட்டிங்: ஷீட்டை வண்டியில் ஏற்றுவதற்கு முன் கேட்கப்படும் கேள்விகள்

கேரள எல்லையில் கஞ்சிக்கோடு, வாளையார், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கத்துப் பட்டறைகளிலிருந்து லேசர் கட்டிங்குக்கு வருகிறவர்கள் பலவிதம். கேட், கைப்பிடி செய்கிறவர், அரிசி ஆலைக்கு உதிரிபாகம் செய்கிறவர், கோவை பம்ப்செட் கம்பெனிக்கு ஜாப் எடுத்துச் செய்கிறவர் என்று ஆள் மாறும். கேள்விகள் மட்டும் ஏறக்குறைய ஒன்றே. அவர்கள் கேட்ட விதத்திலேயே அவற்றை எழுதி, பதிலைக் கீழே கொடுத்திருக்கிறோம். வரும் முன்பே படித்துவிட்டால் பாதித் தகராறு குறையும்.

லேசர்னா வெறும் வெளிச்சம்தானே, அது எப்படிங்க இரும்பை அறுக்கும்?

வெளிச்சம் அறுப்பதில்லை, உருக்குகிறது. சோர்ஸ் பெட்டியில் உண்டாகும் ஒளி, தலைமுடி போன்ற கண்ணாடி இழை வழியாகக் கட்டிங் ஹெட்டுக்கு வருகிறது. அங்கே ஒரு லென்ஸ் அதை நேர்க்கற்றையாக்கும். அடுத்த லென்ஸ் மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவுள்ள புள்ளியில் குவிக்கும். அவ்வளவு சிறிய இடத்தில் இரண்டு மூன்று கிலோவாட் விழுந்தால் இரும்பு நொடிக்குள் உருகும். உருகியதை, ஹெட்டின் நுனியில் உள்ள நாசில் வழியே வரும் காஸ் கீழே தள்ளுகிறது. லேசர் உருக்குகிறது, காஸ் கூட்டிப் பெருக்குகிறது. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் கீழே வரும் பாதிக் கேள்விகளுக்கு நீங்களே பதில் சொல்லிவிடலாம்.

நாசிலுக்கும் ஷீட்டுக்கும் நடுவில் அரை முதல் ஒரு மி.மீ. இடைவெளிதான் இருக்கும். ஷீட் மேடுபள்ளமாக இருந்தாலும் அந்த இடைவெளி மாறாமல், மின்தேக்க அளவைப் பார்த்து ஹெட் தானாக ஏறி இறங்கும். நாசிலுக்கு மேலே இருக்கும் வெள்ளை செராமிக் வளையம் இதற்காகத்தான். அது லேசாக விரிசல் விட்டாலும் ஹெட் குதிக்க ஆரம்பிக்கும்.

ஃபைபர், சி.ஓ.2 ரெண்டும் ஒண்ணுதானே? எங்கிட்ட அக்ரிலிக்கும் இருக்கு, எஸ்.எஸ்.ஸும் இருக்கு.

ஒன்றல்ல. மேலே சொன்ன, கண்ணாடி இழை வழியே வரும் ஃபைபர் லேசரின் அலைநீளம் சுமார் 1.07 மைக்ரான், சி.ஓ.2 (கார்பன் டை ஆக்ஸைடு) லேசருக்கு 10.6 மைக்ரான். முதலாவதை உலோகம் நன்றாக உறிஞ்சும், ஆனால் தெளிவான அக்ரிலிக் வழியாக அது ஜன்னல் கண்ணாடியில் வெயில் போவதுபோல் போய்விடும். இரண்டாவதை அக்ரிலிக், மரம், எம்.டி.எஃப்., ரப்பர் எல்லாம் உறிஞ்சும். எனவே உங்கள் எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) ஃபைபருக்கும் அக்ரிலிக் சி.ஓ.2-வுக்கும் போக வேண்டும்.

முதலில் வந்தது சி.ஓ.2தான். 1964-ல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் அதைக் கண்டுபிடித்த குமார் படேல், மகாராஷ்டிராவின் பாராமதியில் பிறந்தவர். கனத்த உலோகத்தையும் பல ஆண்டுகள் அந்த லேசர்தான் வெட்டியது. இழுக்கும் மின்சாரத்தில் பத்தில் ஒரு பங்குதான் அதில் ஒளியாகும். ஃபைபரில் மூன்றில் ஒரு பங்கு வரை கிடைக்கும். உலோகப் பட்டறைகள் ஃபைபருக்கு மாறியதற்கு கரண்ட் பில்லும் ஒரு காரணம்.

3 கிலோவாட் மெஷின்ல எத்தனை மி.மீ. வரைக்கும் வெட்டலாம்?

எம்.எஸ். என்கிற மைல்டு ஸ்டீல் (சாதாரண இரும்பு) ஆக்ஸிஜனில் 20 மி.மீ. வரை, எஸ்.எஸ். நைட்ரஜனில் 10 மி.மீ. வரை என்று விளம்பரத்தில் போடுவார்கள். அது முடிகிற எல்லை. தினமும் ஓட்டுகிற எல்லை வேறு. நாள் முழுக்க நம்பி ஓட்ட எம்.எஸ். 16, எஸ்.எஸ். 6 என்று வைத்துக்கொள்வது உத்தமம்.

25 மி.மீ. பேஸ் பிளேட்டில் நாலு போல்ட் ஓட்டைதான் வேண்டும் என்றால் பிளாஸ்மாவோ காஸ் கட்டிங்கோ போதும். லேசர் கேட்டு அலைய வேண்டாம்.

ஆக்ஸிஜன், நைட்ரஜன், ஏர்னு கேக்கறாங்க. எதுல வெட்டச் சொல்லணும்?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைப் படிப்பதாக இருந்தால் இதைப் படியுங்கள். பீஸ் எங்கே போகப் போகிறது என்று ஆபரேட்டரிடம் சொல்லாததால் வரும் நஷ்டம்தான் மற்ற எதையும்விட அதிகம்.

ஆக்ஸிஜன் வெறுமனே தள்ளுவதில்லை. சூடான இரும்போடு சேர்ந்து எரிகிறது. அந்த எரிப்பிலிருந்தும் சூடு கிடைப்பதால் குறைந்த பவரில் கனமான எம்.எஸ். பிளேட் வெட்ட முடிகிறது. கனப் பிளேட்டுக்கு அழுத்தம் ஒரு பாருக்குக் கீழேயே போதும். கூட்டினால் வெட்டு வேகம் பிடிக்காது, இரும்பு கட்டுக்கடங்காமல் எரிந்து ஓரம் குழியாகும். சுத்தம் குறைந்த ஆக்ஸிஜன் வந்தால் வேகத்தைக் குறைத்தே ஓட்ட வேண்டிவரும், 99.95 சதவீதம் இருந்தால் நல்லது. வெட்டிய ஓரத்தில் கருநீலமாக ஒரு ஆக்ஸைடு படலம் நிற்கும். வெல்டிங் செய்து உள்ளே மறையும் பீஸ் என்றால் பெரும்பாலும் கவலையில்லை. பெயிண்ட் அடிப்பதாக இருந்தால் கவலை உண்டு.

நைட்ரஜன் எரிவதில்லை. 10 முதல் 20 பார் அழுத்தத்தில், உருகியதை அப்படியே ஊதித் தள்ளும். எஸ்.எஸ். ஓரம் வெள்ளி மாதிரி வரும். ஓரம் மஞ்சளாகவோ நீலமாகவோ வந்தால் காஸில் ஆக்ஸிஜன் கலந்திருக்கிறது, அல்லது லைனில் எங்கோ காற்று ஏறுகிறது என்று அர்த்தம். ஏர் கட்டிங் என்பது கம்ப்ரசர் காற்றில் வெட்டுவது: சிலிண்டர் செலவு இல்லை, 1 முதல் 3 மி.மீ. ஷீட்டுக்கு வேகமும் நன்றாக இருக்கும். ஓரம் சற்று மங்கலாகவும் லேசான பிசிறோடும் வரும். மறைவான பிராக்கெட்டுக்கு ஏர், கண்ணில் படும் எஸ்.எஸ்.ஸுக்கு நைட்ரஜன், 6 மி.மீ.க்கு மேல் எம்.எஸ்.ஸுக்கு ஆக்ஸிஜன் என்று கேட்டால் பெரும்பாலும் தவறு வராது.

எம்.எஸ். விட எஸ்.எஸ்.க்கு ஏன் இவ்வளவு ரேட் சொல்றாங்க?

நைட்ரஜன் குடிக்கும் கணக்கைப் பாருங்கள். பட்டறையில் நிற்கும் சாதாரண பெரிய சிலிண்டரில் சுமார் 7 கன மீட்டர் காஸ் இருக்கும். 2 மி.மீ. துளையுள்ள நாசிலில் 15 பார் வைத்தால் மணிக்கு 30 கன மீட்டருக்கு மேல் போகும். அதாவது ஒரு சிலிண்டர் கால் மணி நேரம்கூட நிற்காது. அதுவும் அடிவரை பயன்படாது. சிலிண்டர் அழுத்தம் கட்டிங் அழுத்தத்தை நெருங்கும்போதே மாற்றியாக வேண்டும். அதனால்தான் எஸ்.எஸ். ஜாப் அதிகமுள்ள இடங்களில் திரவ நைட்ரஜன் தொட்டி வைத்திருப்பார்கள். ஆக்ஸிஜன் வெட்டில் இதில் சிறு பங்கு காஸ்தான் போகும்.

வாட்ஸ்அப்ல போட்டோ அனுப்புனா வெட்டித் தரமாட்டீங்களா?

போட்டோவில் கோடு இல்லை, புள்ளிகள்தான் இருக்கின்றன. அதன் மேல் யாராவது உட்கார்ந்து கோடு வரைய வேண்டும். அந்தக் கூலி தனி. டி.எக்ஸ்.எஃப். (கம்ப்யூட்டரில் வரைந்த கோட்டுப் படம்) கோப்பாக, மில்லிமீட்டரில், ஒன்றுக்கு ஒன்று அளவில் கொடுங்கள். அளவுக் குறிப்பு, பார்டர், தலைப்பெட்டி எல்லாவற்றையும் அழித்துவிடுங்கள். இல்லாவிட்டால் மெஷின் அவற்றையும் வெட்டுகோடாகவே பார்க்கும்.

அடிக்கடி வரும் மூன்று பிழைகள். கோடு கண்ணுக்குச் சேர்ந்தாற்போல் இருந்தும் முனை சேராமல் இருப்பது. இதில் பீஸ் கழன்று விழாது. ஒரே கோடு இரண்டு முறை ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடப்பது; மெஷின் வெட்டிய இடத்திலேயே மறுபடி ஓடி ஓரத்தைக் கெடுக்கும். வளைவுகள் ஆயிரக்கணக்கான குட்டிக் கோடுகளாக உடைந்திருப்பது. ஹெட் நடுங்கிக்கொண்டே போய் ஓரத்தில் பல் பல்லாக விழும். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் ஜாலி டிசைன்களில் மூன்றும் ஒருங்கே இருக்கும்.

கேட்டுல வீட்டுப் பேரு வெட்டுனா எழுத்துக்குள்ள இருக்கறது விழுந்து போகுதே?

ஸ்டென்சில் வைத்துச் சுவரில் எழுதியவர்களுக்குத் தெரிந்த விஷயம்தான். எழுத்தை ஓட்டையாக வெட்டும்போது, சுற்றி மூடிய பகுதி எதோடும் ஒட்டாமல் தனியே விழும். தமிழில் க, த, ண போன்றவற்றின் சுழிகள் இப்படிப் போகும். மலையாள எழுத்தில் சுழி இன்னும் அதிகம். ஒவ்வொரு சுழிக்கும் ஒரு பாலம் விட வேண்டும். 2 மி.மீ. ஷீட்டுக்குப் பாலம் 3 மி.மீ.க்குக் குறைய வேண்டாம்; மெலிந்தால் பவுடர் கோட்டிங் முடிந்து வரும்போது வளைந்திருக்கும்.

இரண்டு மொழியிலும் பெயர் வைக்கிற வீடுகளுக்கு வேறு யோசனை: பலகையில் ஓட்டை போடுவதற்குப் பதில் எழுத்துகளைத் தனித்தனியாக வெட்டிப் பின்னால் கம்பி வைத்து ஒட்டுங்கள். பாலமே தேவைப்படாது, எழுத்தும் அழகு கெடாது.

பீஸ் கழன்று ஹெட்டுல இடிச்சுடுச்சுன்னு சொல்லி நிறுத்திட்டாங்க. அது எங்க தப்பா?

உங்கள் தப்பு இல்லை. வெட்டி முடித்த சின்ன பீஸ் கீழே விழாமல், தாங்கும் பட்டைகளின் மேல் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கும். அடுத்த வெட்டுக்கு ஓடும் ஹெட் அதில் மோதும். சின்ன பீஸ்களுக்கு 0.3 மி.மீ. அளவில் ஒரு ஒட்டு விட்டு வைத்தால் ஷீட்டோடு பிடித்துக்கொண்டிருக்கும். பிறகு கையால் உடைத்து எடுக்கலாம். ஒட்டு எந்தப் பக்கம் வரக் கூடாது என்பதை மட்டும் நீங்கள் சொல்லிவிட வேண்டும். அந்த இடத்தில் ஒரு சிறு மச்சம் நிற்கும்.

10 மி.மீ. பிளேட்டுல 5 மி.மீ. ஓட்டை வேணும், எம்6 மரை போடறதுக்கு.

ஆக்ஸிஜன் வெட்டில் பிளேட்டின் கனத்தைவிடச் சிறிய ஓட்டை போட்டால் சூடு போக இடமின்றி உள்ளே தேங்கும், இரும்பு தானாக எரியத் தொடங்கும். மேலே 5, கீழே 7 என்று கூம்பாக வரும். அப்படி வராவிட்டாலும், சூடுபட்ட ஓரம் இறுகியிருப்பதால் மரை வெட்டும் டேப் உடையும்; சி45 மாதிரி கார்பன் கூடிய ஸ்டீலில் நிச்சயம் உடையும். லேசரில் சென்டர் புள்ளி மட்டும் பதியச் சொல்லி, டிரில்லிங் மெஷினில் ஓட்டை போடுவதே நல்லது. இடம் துல்லியமாக இருக்கும், ஓட்டை உருண்டையாக இருக்கும்.

எல் பெண்டுக்கு 50-ம் 50-ம் கூட்டி 100-ல வெட்டுனேன். வளைச்சா ரெண்டு பக்கமும் கூடிடுச்சு.

ஷீட் வளையும்போது வெளிப்பக்கம் நீளும். வெளி அளவு 50, 50 என்றால் கூட்டுத் தொகையிலிருந்து கொஞ்சம் கழித்து வெட்ட வேண்டும். 2 மி.மீ. எம்.எஸ்., உள்வளைவு 2 மி.மீ., 90 டிகிரி என்றால் கழிவு சுமார் 3.5 மி.மீ. எனவே வெட்டு நீளம் 96.5. இந்தக் கழிவு பெண்டிங் மெஷினின் டையைப் பொறுத்து மாறும். வெட்டுகிற இடமும் வளைக்கிற இடமும் வேறாக இருந்தால், வளைக்கிறவரிடம் கேட்டுவிட்டு டிராயிங் கொடுங்கள். வளைவுக் கோட்டுக்குப் பக்கத்தில் ஓட்டை இருந்தால் முட்டையாக இழுபடும். ஷீட் கனத்தைப் போல மூன்று மடங்காவது தள்ளி வையுங்கள்.

அடிப்பக்கம் பிசிறு நிக்குது. மெஷின் கெட்டுப்போச்சா, ஆள் சரியில்லையா?

பிசிறே சொல்லிவிடும், பார்க்கத் தெரிந்தால் போதும். எஸ்.எஸ். ஓரத்தில் கடுகு மாதிரி சிறு துளிகள் ஒரே வரிசையில் நின்றால் வேகம் கூடுதல், ஃபோகஸ் (ஒளி குவியும் புள்ளி) அடியில் இருக்கிறது. நீளமாக, கம்பி போல, ஒழுங்கில்லாமல் இரண்டு பக்கமும் தொங்கினால் வேகம் குறைவு, ஃபோகஸ் மேலே இருக்கிறது, அல்லது காஸ் அழுத்தம் போதவில்லை. எம்.எஸ். ஓரத்தில் கோடுகள் அடிப்பக்கம் பின்னால் சாய்ந்து போயிருந்தால் வேகம் கூடுதல்.

பிசிறு ஒரு பக்கம் மட்டும் நின்றால் லேசர் நாசிலின் நடுவில் வரவில்லை. சோதிப்பது எளிது. நாசில் அடியில் செல்லோ டேப் ஒட்டி, குறைந்த பவரில் ஒரே ஒரு துடிப்பு அடித்து, டேப்பைப் பிரித்துப் பாருங்கள். நாசிலின் வட்டத் தடத்துக்குள் எரிந்த ஓட்டை நட்டநடுவில் இருக்க வேண்டும். ஒதுங்கியிருந்தால் ஹெட்டின் பக்க ஸ்க்ரூவைத் திருப்பி நடுவுக்குக் கொண்டுவர வேண்டும். இரண்டு நிமிட வேலை. நாசில் வாயே அடிபட்டு முட்டையாகியிருந்தால் திருப்பிப் பயனில்லை, மாற்றத்தான் வேண்டும்.

மழைக்காலத்துல மட்டும் ஏன் கண்ணாடி அடிக்கடி போகுது?

ஃபோகஸ் லென்ஸுக்குக் கீழே இருக்கும் பாதுகாப்புக் கண்ணாடியைத்தான் கேட்கிறீர்கள். அதில் ஒரு தூசு உட்கார்ந்தாலும் லேசர் அந்த இடத்தைச் சுட்டுக் கறுப்பாக்கும், பிறகு கண்ணாடி வெடிக்கும். மழைக்காலத்தில் தூசைவிடத் தண்ணீர்தான் எதிரி. ஜூனில் தென்மேற்குப் பருவக்காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஈரத்தோடு அடிக்கும்போது, 30 டிகிரி வெப்பம், 80 சதவீத ஈரப்பதம் என்றால் பனிபடும் நிலை ஏறக்குறைய 26 டிகிரி. சில்லரின் (மெஷினைக் குளிர்விக்கும் கருவி) தண்ணீர் 25-ல் ஓடினால், ஐஸ் போட்ட டம்ளருக்கு வேர்ப்பது போல, ஹெட்டுக்குள்ளும் சோர்ஸுக்குள்ளும் வேர்க்கும்.

சோர்ஸ் இருக்கும் அறையில் ஏ.சி.யை முதலில் போட்டு, அரை மணி நேரம் உலரவிட்டு, அப்புறம் சில்லரைப் போட வேண்டும். மூடும்போது இதைத் திருப்பிச் செய்ய வேண்டும். ஏர் கட்டிங் செய்கிறவர்கள் டிரையரையும் ஃபில்டரையும் தினம் பார்க்க வேண்டும். கம்ப்ரசர் எண்ணெய் ஒரு சொட்டு வந்தாலும் கண்ணாடி போச்சு.

துருப்பிடிச்ச ஷீட், ஜி.ஐ., பித்தளை, பி.வி.சி. எல்லாம் வெட்டலாமா?

துரு இருந்தால் வெட்டு விட்டுவிட்டு வரும், தெறிப்பு அதிகமாகும். கிரைண்டிங் செய்துவிட்டுக் கொண்டுவாருங்கள். ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு ஷீட்) வெட்டலாம், துத்தநாகப் புகை வருவதால் புகை உறிஞ்சி கட்டாயம். பித்தளை, செம்பு ஃபைபரில் வெட்டலாம். பளபளப்பில் ஒளி திரும்பி சோர்ஸையே தாக்கும் என்பதால் அதற்குப் பாதுகாப்பு உள்ள மெஷினில் மட்டும். பி.வி.சி. எந்த லேசரிலும் கூடாது. ஹைட்ரஜன் குளோரைடு புகை நுரையீரலையும் மெஷினின் இரும்பையும் சேர்த்து அரிக்கும்.

பவுடர் கோட்டிங் பண்ணினது ஓரத்துல மட்டும் உரியுது.

மேலே காஸ் பதிலில் சொன்ன ஆக்ஸைடு படலம்தான். பெயிண்ட் அதைப் பிடிக்கிறது, ஆனால் அது இரும்பை இறுகப் பிடிப்பதில்லை. ஒரு தட்டுத் தட்டினால் இரண்டும் சேர்ந்து வரும். ஓரத்தைக் கிரைண்டிங் செய்யுங்கள், அல்லது ஆசிடில் கழுவுங்கள். மெல்லிய ஷீட்டாக இருந்தால் முதலிலேயே நைட்ரஜனில் வெட்டச் சொல்லியிருக்கலாம்.

அரிசி மில் சல்லடைக்கு 2 மி.மீ. ஓட்டை போடணும், ஒரு ஷீட்டு.

ஒரு மீட்டருக்கு அரை மீட்டர் ஷீட், 4 மி.மீ.க்கு ஒரு ஓட்டை என்று வைத்தால் 31,250 ஓட்டைகள். ஒரு ஓட்டைக்கு அரை நொடி என்றாலும் நாலே கால் மணி நேரத்துக்கு மேல். சூட்டில் ஷீட் அப்பளமாக நெளியும். பஞ்ச் செய்த ரெடிமேட் சல்லடை ஷீட் வாங்கி, வெளிச்சுற்றை மட்டும் லேசரில் வெட்டுங்கள்.

பில் எப்படிப் போடறாங்க? மிச்ச ஷீட் யாருக்கு?

மெஷின் ஓடும் நேரத்துக்கு, அல்லது வெட்டிய மீட்டருக்கும் துளைத்த எண்ணிக்கைக்கும் சேர்த்துப் போடுவார்கள். மெட்டீரியலும் அவர்களுடையது என்றால் எடைக்கணக்கு: நீளம் மீட்டர் × அகலம் மீட்டர் × கனம் மி.மீ. × 7.85. எட்டுக்கு நாலு அடியை ஒட்டிய 2500 × 1250 ஷீட், 2 மி.மீ. என்றால் 49 கிலோ. 16 கேஜ் என்றால் 1.6 மி.மீ., 18 கேஜ் 1.2 மி.மீ.; ஆனால் கேஜில் பேசாமல் மில்லிமீட்டரில் பேசுவது சண்டையைக் குறைக்கும். மிச்சம் யாருக்கு என்பதை வெட்டுவதற்கு முன்பே பேசுங்கள். பெரிய துண்டு உங்களுக்கு, எலும்புக்கூடு (பீஸ்கள் போனபின் மிஞ்சும் ஓட்டை ஷீட்) காயலான் கடைக்கு என்பது பொதுவான வழக்கம்.

எங்க கம்பெனி கஞ்சிக்கோட்டுல. ஷீட்டைக் கோயமுத்தூருக்கு அனுப்பி வெட்டி வாங்கினா இ-வே பில் வேணுமா? மதிப்பு 20,000 ரூபாய்தான்.

வேண்டும். இ-வே பில்லுக்கு (சரக்கு வண்டிக்கான ஜி.எஸ்.டி. மின்சீட்டு) வழக்கமாக உள்ள 50,000 ரூபாய் வரம்பு இங்கே செல்லாது. ஒரு மாநிலத்திலிருந்து இன்னொரு மாநிலத்துக்கு ஜாப் ஒர்க்குக்காகச் சரக்கு அனுப்பினால் மதிப்பு எவ்வளவு இருந்தாலும் இ-வே பில் உண்டு. வாளையாரில் முன்பு போல வரிச் சாவடியில் வரிசை நிற்பதில்லை என்பதால் பலர் இதை மறந்துவிடுகிறார்கள். வழியில் வண்டியை நிறுத்திப் பார்க்கும் அதிகாரம் இருக்கத்தான் செய்கிறது. ஷீட் விற்பனை இல்லை என்பதால் இன்வாய்ஸ் வேண்டாம், டெலிவரி சலான் போதும். ஒரு வருடத்துக்குள் சரக்கு திரும்பி வர வேண்டும்; இல்லாவிட்டால் அனுப்பிய நாளிலேயே விற்றதாகக் கணக்காகும். மிச்சத் துண்டையும் சலானில் காட்டுங்கள்.

கூலிங் கிளாஸ் போட்டுட்டு கிட்ட நின்னு பார்த்தா ஒண்ணும் ஆகாதில்ல?

ஆகும். ஃபைபர் ஒளி கண்ணுக்குத் தெரியாது, ஆனால் விழித்திரை வரை போகும். தெரியாததால் இமையும் மூடாது. வெல்டிங் கண்ணாடியும் இதற்குச் சரிவராது. 1070 நானோமீட்டருக்கு என்று அச்சிட்ட கண்ணாடி வேண்டும். மூடிய மெஷினின் ஜன்னல் வழியாகப் பாருங்கள், கதவைத் திறந்து வைத்து ஓட்டுகிற இடத்தில் நிற்காதீர்கள்.

ஸ்லாட் 6 மி.மீ., நாக்கு 6 மி.மீ., ரெண்டும் லேசர்லதான் வெட்டுனது. ஏன் உள்ள போகல?

வெட்டின் அகலத்தை மெஷின் ஈடுசெய்துவிடுகிறது, எனவே குற்றம் பெரும்பாலும் ஷீட்டில். 6 மி.மீ. என்று வாங்கிய பிளேட் வெர்னியரில் 5.8 இருக்கும், 6.2-ம் இருக்கும். ஸ்லாட்டுக்குள் போவது அந்தக் கனம்தான். போதாக்குறைக்கு, கனப் பிளேட்டில் வெட்டு மேலும் கீழும் ஒரே அகலமாக வராது, லேசாகச் சரிந்திருக்கும். மேல்மூலையில் அளந்தால் சரியாகத் தெரிவதும் அடியில் இடிப்பதும் இதனால்தான்.

வந்த பிளேட்டை நாலு இடத்தில் அளந்து, வரும் பெரிய அளவோடு 0.2 மி.மீ. கூட்டி ஸ்லாட் வையுங்கள். மூலைகளில் சிறு வட்டக் குழி விட்டால் நாக்கின் கூர்மூலை உட்கார இடம் கிடைக்கும். 40 பீஸ் வெட்டுவதற்கு முன், அதே பிளேட்டின் ஓரத்தில் ஒரு ஸ்லாட்டும் ஒரு நாக்கும் மட்டும் வெட்டிக் கையில் கொடுக்கச் சொல்லுங்கள். சுத்தியல் இல்லாமல் உள்ளே போனால் மீதியை ஓட்டச் சொல்லலாம்.